ஹார்ட்லி: அப்பாவை வேலை செய்யாதவர் ஆக்கிய சொல்



இந்த மாத 'ஒரு சொல் கற்போம்' பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் 'ஹார்ட்லி'. நான் இந்தச் சொல்லிடம் நன்றாக மாட்டிக்கொண்டவள். அதனால்தான் இதை எடுத்தேன். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். இருதயம் என்று பொருள்படும் 'ஹார்ட்' வேறு சொல். அதை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பார்க்கப்போவது 'கடினம்' என்ற பொருளுள்ள 'ஹார்ட்' என்ற சொல்லையும், அதோடு 'லி' சேர்ந்து வரும் 'ஹார்ட்லி' என்ற சொல்லையும்.

நடந்தது என்ன?

கல்வி உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அதில் 'உன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுக' என்று ஒரு பகுதி. எங்கள் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன்னாலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் உப்புப் பாத்தியைக் கண்கொண்டு பார்க்க முடியாது, அப்படிக் கூசும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் எல்லாம் வெடித்திருக்கும். இதையெல்லாம் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்: 'என் அப்பா உப்பளத்தில் கடினமாக உழைக்கிறார். எங்களுக்காகக் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறார்.' அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினேன்.

'மை ஃபாதர் இஸ் ஹார்ட்லி வொர்க்கிங் இன் த சால்ட் பான்ஸ். ஹி இஸ் ஹார்ட்லி ஏர்னிங் மனி ஃபார் அஸ்.'

எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். "என்ன பிள்ள எழுதிருக்க?" என்று கேட்டார். "நீங்க கஷ்டப்பட்டு வேலை பாக்கதப் பத்திதான்ப்பா" என்றேன். மறுநாள் டீக்கடையில் அவருடைய கூட்டாளிகளிடம், "நம்ம வேலையப் பத்தி எம்பிள்ள இங்கிலீசுல எழுதிருக்கா" என்று சொன்னாராம்.

விண்ணப்பத்தை எங்கள் ஆங்கில டீச்சரிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"இல்ல டீச்சர், நல்லாத்தான் இருக்காங்க. காலையில நாலு மணிக்கே அளத்துக்குப் போயிட்டாங்க."

"அப்புறம் ஏன் அப்பா வேலையே பார்க்கிறதில்லைன்னு எழுதியிருக்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் என்னைத் திட்டவில்லை. அகராதியை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றார். பார்த்தேன். நான் எழுதியதற்கு அர்த்தம் இதுதான்: 'என் அப்பா உப்பளத்தில் வேலை செய்வது இல்லை என்றே சொல்லலாம். எங்களுக்காக அவர் சம்பாதிப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.'

அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து.

ஏன் இந்தத் தவறு வருகிறது?

தமிழில் ஒரு பெயரோடு 'ஆக' சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும். வேகம், வேகமாக. அழகு, அழகாக. கடினம், கடினமாக. ஆங்கிலத்தில் இந்த 'ஆக' செய்யும் வேலையை 'லி' செய்கிறது என்று ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். குயிக், குயிக்லி. ஸ்லோ, ஸ்லோலி. பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி. பத்துச் சொல்லுக்கு ஒன்பது சரியாக வரும். அந்த நம்பிக்கையில் பத்தாவது சொல்லில் போய் விழுவோம். அந்தப் பத்தாவது சொல்தான் ஹார்ட்.

'ஹார்ட்' என்ற சொல்லுக்கு 'லி' தேவையே இல்லை. அது தனியாகவே இரண்டு வேலையும் செய்யும்.

ஹார்ட் வொர்க் என்றால் கடினமான வேலை.
வொர்க் ஹார்ட் என்றால் கடினமாக உழை.

'ஃபாஸ்ட்' என்ற சொல்லும் இப்படித்தான். ஃபாஸ்ட் பஸ், ரன் ஃபாஸ்ட். 'ஃபாஸ்ட்லி' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். இன்றைய ஆங்கிலத்தில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. ஃபாஸ்ட்லி எழுதினால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். ஹார்ட்லி அப்படி இல்லை. அது உண்மையாகவே இருக்கிற சொல், வேறு அர்த்தத்தோடு இருக்கிறது. அதனால் வாசிப்பவருக்கு இது பிழை என்றே தெரியாமல் போகலாம். நாம் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிராக அவர் புரிந்துகொள்வார்.

என் தவறில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் 'கடினமாக' என்பது 'உழைக்கிறார்' என்பதற்கு முன்னால் வரும். நானும் அதே வரிசையில் முன்னால் வைத்தேன். ஆங்கிலத்தில் 'ஹார்ட்' வினைக்குப் பின்னால் வரும். ஹார்ட்லி வினைக்கு முன்னால் வரும். ஆகவே சொல்லும் தப்பு, இடமும் தப்பு. இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியான வாக்கியத்தை உண்டாக்கிவிட்டன!

ஹி வொர்க்ஸ் ஹார்ட். (அவர் கடுமையாக உழைக்கிறார்.)
ஹி ஹார்ட்லி வொர்க்ஸ். (அவர் வேலை செய்வதே அபூர்வம்.)

ஆங்கிலம் பேசுகிறவர்களே இதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்வதுண்டு. 'வொர்க்கிங் ஹார்ட், ஆர் ஹார்ட்லி வொர்க்கிங்?' என்று கேட்பார்களாம். வேலை பார்க்கிறாயா, பார்ப்பது போல நடிக்கிறாயா என்று அர்த்தம்.

ஹார்ட்லி என்றால் சரியாக என்ன?

ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தால் 'ஃபுல்'. பாதி இருந்தால் 'ஹாஃப்'. சுத்தமாகக் காலி என்றால் 'நோ வாட்டர்'. அடியில் நாலு சொட்டு மட்டும் கிடக்கிறது, கவிழ்த்தால்தான் தெரியும் என்றால், அதுதான் 'ஹார்ட்லி'. 'தேர் இஸ் ஹார்ட்லி எனி வாட்டர் இன் த பாட்.' கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை நினைவில் வைக்க ஒரு வழி: ஹார்ட்லிக்குள் ஒரு 'நாட்' ஒளிந்திருக்கிறது. பார்க்க உடன்பாடு போலத் தோன்றும், உள்ளே எதிர்மறை.

மழையை வைத்துப் பார்த்தால் உப்பளத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

இட் ரெயின்ட் ஹார்ட். (மழை வெளுத்து வாங்கியது. பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போயிற்று.)
இட் ஹார்ட்லி ரெயின்ட். (பேருக்குத் தூறியது. உப்பு தப்பித்தது.)

எப்படியெல்லாம் வரும்?

1. வினைக்கு முன்னால்: 'ஐ ஹார்ட்லி நோ ஹிம்.' அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இஸ், வாஸ், ஹேஸ் போன்ற துணைவினை இருந்தால் அதற்குப் பிறகு வரும்.

2. கேன், குட் ஆகியவற்றோடு: 'ஐ கேன் ஹார்ட்லி ஸீ த போர்ட்.' கரும்பலகை எனக்குச் சரியாகத் தெரியவே இல்லை. 'ஐ குட் ஹார்ட்லி ஸ்டாண்ட்.' நிற்கக்கூட முடியவில்லை. இங்கே 'ரொம்பச் சிரமப்பட்டுத்தான்' என்ற பொருளும் கலந்து வருகிறது.

3. எனியோடு: ஹார்ட்லி எனி, ஹார்ட்லி எனிஒன், ஹார்ட்லி எனிதிங். 'ஹார்ட்லி எனிஒன் கேம் டு த ஸ்பெஷல் கிளாஸ்.' சிறப்பு வகுப்புக்கு ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் வரவில்லை. (இந்த எடுத்துக்காட்டுக்கு ஆசிரியர்கள் மன்னிக்கவும்.)

4. எவரோடு: 'இட் ஹார்ட்லி எவர் ரெயின்ஸ் ஹியர் இன் மே.' மே மாதம் இங்கே மழை பெய்வது அபூர்வம்.

5. 'செய்தோமோ இல்லையோ' என்ற பொருளில்: 'ஹார்ட்லி ஹேட் வீ ரீச்ட் த பஸ் ஸ்டாப் வென் த பஸ் லெஃப்ட்.' நாம் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தோமோ இல்லையோ, பஸ் கிளம்பிவிட்டது. தமிழிலும் 'இல்லையோ' என்று ஓர் இல்லையைச் சேர்த்துத்தானே சொல்கிறோம்! இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஹார்ட்லி வாக்கியத்தின் முதலில் வந்தால் 'வீ ஹேட்' என்பது 'ஹேட் வீ' என்று புரளும். பின்பாதியில் 'வென்' வர வேண்டும். 'நோ சூனர்' என்று தொடங்கினால்தான் 'தேன்' வரும். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு வருகிறோம்.

6. மறுப்பை நாசூக்காகச் சொல்ல: 'திஸ் இஸ் ஹார்ட்லி த டைம் டு பிளே.' இதை நம் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? "இதா விளையாடுற நேரம்?" என்பார்கள். நாம் கேள்வியாகக் கேட்டு மறுப்பதை ஆங்கிலம் ஹார்ட்லி போட்டு மறுக்கிறது.

தேர்வுக்கு இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: ஹார்ட்லியோடு இன்னொரு எதிர்மறையைச் சேர்க்கக் கூடாது. 'ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்' தவறு. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர்' சரி. அதேபோல 'ஹார்ட்லி நோ மனி' தவறு, 'ஹார்ட்லி எனி மனி' சரி.

இரண்டாவது: கொஸ்டின் டேக். உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை டேக், எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டு டேக் என்று படித்திருக்கிறோம். 'ஷி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்ற வாக்கியத்தில் 'நாட்' இல்லையே என்று 'டஸின்ட் ஷி' போடக் கூடாது. உள்ளே ஒளிந்திருக்கும் 'நாட்' ஞாபகம் இருக்கிறதா? 'ஷி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஷி?' என்பதே சரி.

இதே குடும்பத்துச் சொற்கள்

'லி' சேர்ந்ததும் குணம் மாறும் சொற்கள் இன்னும் சில உண்டு.

லேட் என்றால் தாமதமாக. லேட்லி என்றால் சமீப காலமாக.
நியர் என்றால் அருகில். நியர்லி என்றால் ஏறக்குறைய.
ஹை என்றால் உயரத்தில். ஹைலி என்றால் மிகவும்.
ஷார்ட் என்றால் குட்டையான, குறுகிய. ஷார்ட்லி என்றால் சீக்கிரத்தில்.

பள்ளிக்குப் பிந்தி வந்துவிட்டு 'ஐ கேம் லேட்லி' என்று எழுதினால் தாமதம் என்ற பொருள் அதில் வராது. 'ஐ கேம் லேட்' போதும். ஹார்ட்லிக்கு நெருங்கிய சொந்தம் 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' என்ற இரண்டும். பேர்லி என்றால் 'மட்டுமட்டாக' என்று பொருள். 'ஹி பேர்லி பாஸ்ட்' என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிவிட்டான். ஸ்கேர்ஸ்லி பேச்சைவிட எழுத்தில் அதிகம் வரும்.

ஒரு சந்தேகம், ஒரு ஆச்சரியம்

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கடினம் என்கிற சொல்லோடதானே டீச்சர் 'லி' சேர்ந்திருக்கு? அப்புறம் எப்படி 'இல்லை'ங்கிற அர்த்தம் வந்துச்சு?" என்று கேட்டேன். டீச்சர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. பழைய ஆங்கிலத்தில் ஹார்ட்லி என்ற சொல்லின் மூதாதைக்கு 'கடுமையாக, வலுவாக' என்றுதான் பொருளாம். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில்கூட 'கடுமையாக' என்ற பொருளிலும் 'சிரமப்பட்டு' என்ற பொருளிலும் இந்தச் சொல் வருகிறது. சிரமப்பட்டு நடக்கும் காரியம் எப்போதாவதுதான் நடக்கும். எப்போதாவது நடப்பது நடக்காததற்குச் சமம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் நகர்ந்து வந்து, பழைய பொருள் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. "உன் வாக்கியத்தை நானூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருந்தா கஷ்டப்பட்டு உழைக்கிறார்னே எடுத்துக்கிட்டிருப்பாங்க" என்று டீச்சர் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த தமிழ் ஐயா உடனே, "இதுல என்ன அதிசயம்? நம்ம 'அரிது' என்ன செய்யுதாம்?" என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். திருக்குறளின் 26-ஆவது குறளில் 'அரிய' என்றால் செய்வதற்குக் கடினமானது. இன்று 'அரிதாகப் பெய்யும் மழை' என்றால் எப்போதாவது பெய்யும் மழை. கடினம் என்ற பொருளும் அபூர்வம் என்ற பொருளும் நம் தமிழிலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன! அன்றிலிருந்து ஹார்ட்லி என்றதும் எனக்கு 'கடினமாக' ஞாபகம் வருவதில்லை, 'அரிதாக'தான் ஞாபகம் வருகிறது. நீங்களும் இப்படி மனசில் போட்டுக்கொண்டால் தவறு வராது.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் ஹார்ட் அல்லது ஹார்ட்லி போடுக. விடையை உடனே பார்க்கக் கூடாது!

1. ஷி ஸ்டடீட் ______ அண்ட் பாஸ்ட் த எக்ஸாம்.
2. ஐ வாஸ் சோ டயர்ட் தட் ஐ குட் ______ வாக்.
3. திங்க் ______ பிஃபோர் யூ ஆன்ஸர்.
4. வீ ______ எவர் கோ டு த சினிமா.
5. தேர் இஸ் ______ எனி ரைஸ் லெஃப்ட்.

விடைகள்: 1. ஹார்ட் 2. ஹார்ட்லி 3. ஹார்ட் 4. ஹார்ட்லி 5. ஹார்ட்லி

அப்புறம் என்ன ஆயிற்று?

டீச்சர் வேறு ஒரு படிவம் வாங்கிக் கொடுத்தார். அடித்துத் திருத்தினால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார். புதுப் படிவத்தில் மறுபடியும் அப்பாவின் கையெழுத்து வேண்டும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? மை கொட்டிவிட்டது என்று பொய் சொல்லலாமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். டீக்கடையில் பெருமையாகச் சொன்ன மனிதரிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"அப்பா வேலையே பாக்கதில்லன்னு தப்பா எழுதிட்டேன்ப்பா."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "ஐப்பசி, கார்த்திகையில எழுதிருந்தா அது சரியாத்தான இருந்திருக்கும்?" என்றார்.

அவர் சிரித்தாலும் அது உண்மை. உப்பு வேலை வெயில் காலத்து வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடைப்பது அபூர்வம். அப்பா வீட்டில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டே வானத்தைப் பார்ப்பார். அம்மா கடையில் கணக்குச் சொல்லிச் சாமான் வாங்குவாள். நம் வகுப்பிலேயே பல வீடுகளில் அந்த மூன்று மாதமும் இப்படித்தான்.

ஆகவே புதுப் படிவத்தில் இரண்டு வாக்கியமும் எழுதினேன்.

'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட் இன் த சால்ட் பான்ஸ். இன் த ரெய்னி மன்த்ஸ் ஹி ஹார்ட்லி கெட்ஸ் எனி வொர்க்.'

டீச்சர் இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு, பிறகு அதை ரப்பரால் அழித்தார். படிவம் தபாலில் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. பழைய படிவத்தை நான் கிழித்துப் போடவில்லை. ஆங்கில நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். எந்த ஆங்கில வினையடையை எழுதினாலும் ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நண்பர்களே, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். நம் பெற்றோரில் பலருக்கு நாம் ஆங்கிலத்தில் என்ன எழுதுகிறோம் என்று வாசிக்கத் தெரியாது. நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பிழை இருந்தால் பொறுத்தருள்க. 

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி